மல்ரி குக்கரின் வெப்பவுணரி: பழுதறிதலும் பரிகாரமும்

விறகடுப்பிற் சோறாக்கிய காலத்தில் பானையின் நிலையை அறிவதற்கு நம் தாய்மாருக்குக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. உலை கொதிக்கும் ஓசை, மூடியைத் தள்ளும் ஆவி, நீர் வற்றும்போது எழும் மணம், விரலிடையில் நசுக்கிப் பார்த்த ஒரு சோறு ஆகியனவே அவர்களுக்கு அளவுகோல்களாயின. இன்று யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் அக்கடமையைச் செய்வது, மல்ரி குக்கரின் அடித்தட்டின் நடுவே ஓர் அலுமினியத் தொப்பியினுள் மறைந்திருக்கும் சிறு மணியொன்றாகும். அதனையே வெப்பவுணரி என்கிறோம். அது உள்ளதை உள்ளபடி உரைத்தாற் சோறு பதமாகும். பொய்யுரைத்தாலோ சோறு அடிப்பிடிக்கும், அல்லது அரைவேக்காடாகும், அல்லது பொறி முற்றாக நின்றுவிடும்.

இப்பொருளைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. 2021 ஆம் ஆண்டின் இறுதியிற் சமையல் எரிவாயு வெடிப்புகள் நாடெங்கும் அச்சத்தை விளைத்தன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரியனவாயின. அக்காலத்தில் மின்வெட்டுகளும் இருந்தன. எனினும் மின்சாரம் உள்ள வேளையிற் சமைத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணத்தால் மின்குக்கரை நாடினோர் பலர். பிள்ளைகள் தொராந்தோவிலும் இலண்டனிலும் வாழ, முதியோர் இருவர் மாத்திரம் இருக்கும் வீடுகளும் நம்மூரிற் பலவுள. அத்தகைய வீட்டிற் குக்கர் ஒரு நாள் ‘ஈ 1’ என்றோ ‘ஈ 2’ என்றோ ஒரு குறியைக் காட்டி நின்றுவிட்டால், மூன்றிலொன்று நிகழ்கின்றது. குக்கர் குப்பைக்குச் செல்லும். அல்லது பழுதற்ற ‘போட்’ பெரும் பணத்துக்கு மாற்றப்படும். அல்லது பாதுகாப்புக்கென வைத்த வெப்ப உருகியைக் கம்பித்துண்டு ஒன்றினாற் குறுக்கிணைத்து, ‘இனி ஓடும்’ எனக் கையளிப்பர். முதலிரண்டும் பண நட்டம். மூன்றாவது உயிராபத்து. இம்மூன்றையும் தவிர்ப்பதற்கு நம் பாடசாலைப் பௌதிகவியலே போதுமானது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீர் கற்பிக்கும் பாடம்

நீர் கொதிக்கத் தொடங்கிய பின், எவ்வளவு வெப்பத்தை ஊட்டினாலும் அதன் வெப்பநிலை உயர்வதில்லை. ஊட்டிய வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்குவதிற் செலவாகின்றது. பானையில் நீர் உள்ளவரை அதன் அடி 100 பாகை செல்சியசுக்கு அண்மையிலேயே நிற்கும். நீர் முழுவதும் அரிசியினுட் புகுந்தும் ஆவியாகியும் தீர்ந்தவுடன், தடுப்பார் இன்மையால் அடியின் வெப்பநிலை விரைந்து ஏறும். அந்த ஏற்றத்தைக் கண்டுகொள்வதே சோறு வெந்துவிட்டதென அறியும் வழியாகும்.

இவ்வுண்மையை வீட்டுப் பொறியிற் புகுத்தி வெற்றிகண்டவர் யப்பானியரான யொஷிதாதா மினாமி. அவரும் அவர் மனைவி பூமிகோவும் செய்த நீண்ட சோதனைகளின் பயனாகத் தொஷிபா நிறுவனம் 1955 ஆம் ஆண்டில் தானே நின்றுவிடும் மின்குக்கரை விற்பனைக்கு விட்டது. புறப்பாத்திரத்தில் ஊற்றிய சிறிதளவு நீர் வற்றியதும் வெப்பநிலை ஏற, இருலோகத் தகடு வளைந்து மின்னோட்டத்தை அறுக்கும் என்பதே அதன் அமைப்பு. ஒற்றை ஆளியுள்ள எளிய றைஸ் குக்கரில் இன்று அப்பணியைச் செய்வது ஒரு காந்தமாகும். ஏறக்குறைய 103 பாகையில் தன் காந்தத்தன்மையை இழக்கும் உலோகக் கலவையொன்று அதனுள் உண்டு. காந்தம் விட்டவுடன் வில் ஆளியைத் தள்ளிவிடும். அவ்வகைக் குக்கருக்கு மின்னணு உணரி இல்லை. ஆதலால் இக்கட்டுரையிற் கூறும் நோயும் இல்லை.

மல்ரி குக்கரோ சோறு மாத்திரமன்றிக் கஞ்சி, கூழ், இடியப்பம், பிட்டு, தயிர், இறைச்சி என்பனவற்றுக்கும் உதவ வேண்டியது. தயிருக்கு 40 பாகையளவு போதும். அழுத்தத்திற் சமைக்கும்போது 115 பாகையளவு வேண்டும். இவ்வகன்ற எல்லை முழுவதையும் ஒரே காந்தத்தால் அறிதல் இயலாது. ஆதலின் வெப்பநிலையைத் தொடர்ந்து அளந்து கூறும் கருவியொன்று வேண்டியதாயிற்று.

வெப்பத்தடையி என்பது யாது?

தெர்மிஸ்ரர் என வணிகத்தில் வழங்கும் வெப்பத்தடையியே அக்கருவி. செம்பு முதலிய உலோகங்களின் மின்தடை வெப்பத்தாற் கூடும் என்பதை நாம் ஆய்வுகூடத்தில் மீற்றர்ப் பாலத்தைக்கொண்டு கண்டிருக்கின்றோம். சில பொருள்கள் இதற்கு மாறாக நடப்பன. வெள்ளிச் சல்பைட்டின் தடை வெப்பமேற்றக் குறைகின்றதென மைக்கேல் பரடே 1833 ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். மங்கனீசு, நிக்கல், கோபாற்று ஆகியவற்றின் ஒட்சைட்டுகளைச் சேர்த்துச் சுட்டெடுக்கும் குறைகடத்தி மணிகளும் அவ்வாறே நடப்பன. அம்மணியே குக்கரின் தொப்பியினுள் இருப்பது.

பல குக்கர்களில் இம்மணி 25 பாகையில் 100 கிலோ ஓம் தடையுள்ளது. இவ்வகை மணிக்குப் பெரிதும் வழங்கும் மாறிலியைக்கொண்டு கணித்தாற் கிடைக்கும் பெறுமானங்கள் ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:

25 பாகை: 100 கிலோ ஓம்
30 பாகை: 80 கிலோ ஓம்
50 பாகை: 36 கிலோ ஓம்
70 பாகை: 18 கிலோ ஓம்
100 பாகை: 7 கிலோ ஓம்
140 பாகை: 2.5 கிலோ ஓம்

இவற்றை நோக்குவோர் இரண்டு செய்திகளை மனங்கொள்ளல் வேண்டும். முதலாவது, நூல்களிற் குறிக்கும் 100 கிலோ ஓம் என்பது 25 பாகைக்கு உரியது. யாழ்ப்பாணத்து நண்பகலில் மணி 80 கிலோ ஓமோ அதற்குச் சற்றுக் குறைவோ காட்டுவது இயல்பேயன்றிப் பழுதன்று. இரண்டாவது, எல்லா நிறுவனத்தாரும் 100 கிலோ ஓம் மணியையே இடுவதில்லை. 50 கிலோ ஓம், 10 கிலோ ஓம் மணிகளும் உள. தம் குக்கருக்கு உரியது எதுவென அறிந்த பின்னரே தீர்ப்புச் சொல்லல் வேண்டும்.

இத்தடை மணியோடு நிலையான தடையி ஒன்றைத் தொடராக இணைத்து, 5 உவோற்று அளவான சிறு அழுத்தத்தைக் கொடுத்து, இரண்டுக்கும் நடுவே உள்ள அழுத்தத்தைக் கட்டுப்பாட்டுப் பலகை அளக்கின்றது. ஓமின் விதி கற்ற மாணவன் எவனும் இதனை எளிதில் விளங்கிக்கொள்வான். பலகைக்குக் கண்ணில்லை, மணி சொல்வதே அதற்கு உலகம். மணியைச் சாட்சியென்றும் பலகையை நீதிபதியென்றும் கொள்ளலாம். தீர்ப்புப் பிழைத்ததெனின் முதலில் விசாரிக்கப்பட வேண்டியவர் சாட்சியே.

நோயின் நான்கு வகைகள்

முதலாவது வகை, கம்பி அறுதல். கம்பி அறுந்தால் தடை எல்லையற்றதாகும். பலகை அதனைப் பனிக்கட்டியிலும் மிகக் கீழான குளிர் என எண்ணும். யாழ்ப்பாணத்துக் குசினியில் அத்தகைய குளிர் நிகழாதாகையால் அது பழுதுக்குறியைக் காட்டி நிற்கும். மூடியிலும் ஓர் உணரி உள்ள குக்கர்களில், மூடியின் பிணைச்சலூடாகச் செல்லும் கம்பி நாள்தோறும் மடங்கி நிமிர்வதால் அவ்விடத்திலேயே அறுவது வழக்கம். மூடியை அசைக்கும்போது குறி தோன்றியும் மறைந்தும் வருமாயின் பிணைச்சலையே ஐயுறுக.

இரண்டாவது வகை, குறுஞ்சுற்று. கம்பியின் உறை உருகியோ எலி கடித்தோ இரு கம்பிகளும் தொட்டுக்கொண்டால் தடை பூச்சியமாகும். பலகை அதனை நெருப்பெனக் கருதி நின்றுவிடும். அறுதலுக்கு ஒரு குறியும் குறுஞ்சுற்றுக்கு வேறொரு குறியும் வைப்பது பல நிறுவனத்தார் வழக்கம். குறிகளின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுதலின் குக்கரோடு வந்த கைந்நூலைப் பேணிவைத்தல் நன்று.

மூன்றாவது வகை, இணைப்பிற் களிம்பு பிடித்தல். கடற்காற்று உலவும் நம் குடாநாட்டில் இது அரிதன்று. இணைப்பிலே 1 கிலோ ஓம் தடை புகுந்ததெனக் கொள்வோம். 30 பாகையில் 80 உடன் 1 சேர்ந்து 81 ஆகும். அவ்வேறுபாட்டை எவரும் உணரார். 100 பாகையிலோ 7 உடன் 1 சேர்ந்து 8 ஆகும். பலகை அதனை 95 பாகை எனக் கருதும். அடி உண்மையில் 140 பாகையை அடைந்த வேளையிற் பலகை அறிவது 126 பாகையே. குறி எதுவும் தோன்றாது. ஆனால் நாள்தோறும் சோறு அடிப்பிடிக்கும்.

நான்காவது வகை, ஈரக்கசிவு. பொங்கி வழிந்த கஞ்சி உள்ளே இறங்கி, இரு கம்பிகளுக்கும் இடையே 50 கிலோ ஓம் அளவான கள்ளப் பாதையொன்றை அமைத்ததெனக் கொள்வோம். குளிர்ந்த குக்கரில் 80 கிலோ ஓம் காட்ட வேண்டிய இடத்தில் 31 மாத்திரம் தோன்றும். பலகை அதனை 54 பாகை என எண்ணும். கொதிநிலையிலோ 104 பாகை எனக் கருதி, நீர் வற்றிவிட்டதென முடிவுசெய்து, சோறு வேகுமுன்னரே நிறுத்திவிடவும் கூடும்.

பின்னிரண்டு வகைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. களிம்பு சூட்டில் வெளிப்படும். ஈரம் குளிரில் வெளிப்படும். ஆதலாற் குளிரில் மாத்திரம் அளந்து ‘உணரி நன்று’ என்பாரின் தீர்ப்பு அரைத்தீர்ப்பேயாகும்.

திறவாமற் செய்யும் சோதனைகள்

திருகாணியைத் தொடுமுன் செய்யத்தக்கன சில உள. செருகியைக் கழற்றிக் குக்கரை நன்றாக ஆறவிடுக. பானையை எடுத்து அதன் அடியையும் உணரியின் தொப்பியையும் பார்க்க. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. இங்கு ஒரு சோறே ஒரு பானைச் சோற்றைக் கெடுக்கவல்லது. தொப்பிக்கும் பானைக்கும் இடையே காய்ந்த சோறு ஒன்று அகப்பட்டால், இரண்டும் ஒட்டாது நிற்க, நடுவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுத்துவிடும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்துக. தொப்பியை விரலால் அழுத்திவிட்டால் அது வில்லின் விசையால் மேலெழ வேண்டும். பானையின் அடி நெளிந்திருக்கின்றதா எனத் தட்டையான நிலத்தில் வைத்துப் பார்க்க.

அடுத்து, பானையின் உட்புறத்தைக் கவனிக்க. நம் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. கிணற்றுநீர் பல இடங்களில் வன்னீராகும். இடியப்பமும் பிட்டும் அவிப்பதற்கு நாள்தோறும் அந்நீரைக் கொதிக்கவைத்தால் அடியில் வெண்படை தோன்றும். அப்படை வெப்பத்தை நீருக்கு எளிதில் விடாது. ஆகவே நீர் இருக்கும்போதே அடி மிகச் சூடேற, உணரி உண்மையைச் சொன்னபோதிலும் பலகை ‘நீர் இல்லை’ எனத் தவறாக முடிவுசெய்யும். தேசிப்புளியோ வினாகிரியோ நீரிற் கலந்து சிறிது சூடாக்கி ஊறவிட்டால் படை கரைந்துவிடும். இவ்விடத்திற் பழுது உணரியிலன்று, நீரிலே.

பின்னர் இரு கோப்பை தூய நீரை விட்டு, ஆவியில் அவிக்கும் முறையிற் குக்கரை ஓட்டி, அருகிலேயே நின்று பார்க்க. செருகியைச் செருகியவுடன் குறி தோன்றினால் அறுதலோ குறுஞ்சுற்றோ ஆகும். சில நிமிடங்கள் ஓடிய பின் தோன்றினால் இணைப்பையும் பிணைச்சலையும் ஐயுறுக. நீர் ஒழுங்காகக் கொதித்துக்கொண்டே இருந்தாற் பெரும்பாலும் உணரி நலமே; அரிசிக்கும் நீருக்கும் உள்ள அளவை மீண்டும் பார்க்க. மொட்டைக்கறுப்பன் போன்ற நாட்டரிசிக்குப் பிறநாட்டு வெள்ளையரிசிக்குரிய நீரளவு போதாது.

திறந்து செய்யும் சோதனைகள்

இனிக் கூறுவன மின்வேலை அறிந்தோருக்கு உரியன. அறியாதோர் இவற்றைத் திருத்துநரிடம் கூறிச் செய்விக்கலாம். முதல் எச்சரிக்கை இது: மலிவான குக்கர்கள் பலவற்றில் 5 உவோற்றுப் பகுதி 230 உவோற்று மின்வழியிலிருந்து தனிமைப்படுத்தப்படுவதில்லை. ‘சிறு அழுத்தந்தானே’ என எண்ணி, செருகி பொருத்தியபடி உணரியின் கம்பியைத் தொட்டால் உயிர் போகலாம். செருகியைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளில் மின் தங்கியிருக்கும். சில நிமிடங்கள் பொறுத்தே தொடுக.

உணரியின் இணைப்பியைப் பலகையிலிருந்து கழற்றிய பின்னரே மல்ரிமீற்றரால் அளத்தல் வேண்டும். கழற்றாது அளந்தாற் பலகையின் தடையும் சேர்ந்து பொய்க்கணக்குத் தரும். அறை வெப்பநிலைக்குரிய தடை தோன்றுகின்றதா எனப் பார்க்க. தொப்பியை உள்ளங்கையாற் பொத்தினால் அளவு சிறிது சிறிதாகக் குறைய வேண்டும். துள்ளிக் குதிக்குமாயின் மணியில் வெடிப்போ கம்பியில் முறிவோ உண்டு.

அதன்பின் சூட்டுச் சோதனை. மணியைக் கழற்றக் கூடுமாயின், மெல்லிய பொலித்தீன் பையில் நீர் புகாதபடி கட்டி, வெப்பமானியோடு சூடான நீரில் இறக்குக. 50 பாகையிலும் 70 பாகையிலும் கொதிநிலையிலும் தடையை அளந்து, முற்கூறிய பெறுமானங்களோடு ஒப்பிடுக. நுவரெலியாவில் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் நீர் 94 பாகையளவிற் கொதிக்கும்; கடல்மட்டத்தை ஒட்டிய நம் குடாநாட்டிலோ கொதிநீரே 100 பாகைக்குரிய செலவில்லாத அளவுகோலாகும். மணி நன்றெனக் காணின், கம்பியையும் இணைப்பையும் தனியே அளக்க. அவற்றின் தடை பூச்சியத்தை ஒட்டியிருத்தல் வேண்டும். களிம்பு பிடித்த இணைப்பைச் சுரண்டித் துடைத்தலே பல வேளைகளிற் போதுமான வைத்தியம். ஈரத்துக்கு உலர்த்தலே வைத்தியம்.

மணியும் கம்பியும் நன்றாயிருந்தும் குறி நீங்காவிடின், பலகையை விசாரிக்கும் முறை வந்தது. 82 கிலோ ஓம் தடையி ஒன்றை உணரியின் இடத்திற் செருகி, மூடியைப் பூட்டிய பின்னர் மின்னைக் கொடுத்துக் குறியை மாத்திரம் பார்க்க. குறி மறைந்தால் உணரியின் பக்கமே குற்றம். மறையாவிடிற் பலகையின் குற்றம். ஆனால் இந்நிலையில் எக்காரணம் கொண்டும் சமைக்கும் பொத்தானை அழுத்தலாகாது. அத்தடையி என்றென்றும் ‘30 பாகை’ என்றே கூறிக்கொண்டிருக்கும். பலகையும் அதனை நம்பி நெருப்புப் பற்றுமளவும் சூடேற்றும்.

மாற்றும்போது கொள்ள வேண்டிய கவனம்

புதிய மணியை வாங்குங்கால் உருவத்தை மாத்திரம் ஒப்பிடுதல் தகாது. 100 கிலோ ஓம் மணி இருந்த இடத்தில் 50 கிலோ ஓம் மணியை இட்டாற் குக்கர் ஓடத்தான் செய்யும். எனினும் நீர் 77 பாகையை அடைந்தவுடனேயே ‘கொதித்துவிட்டது’ எனப் பலகை கருதும். விளைவு அரைவேக்காடு, இறைச்சியாயின் வயிற்றுக்குக் கேடு.

உணரியின் அருகே, 170 பாகையளவில் உருகி மின்னை என்றென்றைக்குமாக அறுக்கும் வெப்ப உருகி ஒன்று இருக்கும். சாட்சியும் நீதிபதியும் ஒருங்கே தவறிய வேளையில் வீட்டைக் காப்பது அதுவே. அது உருகியிருந்தால், ஏன் உருகியது என ஆராய்ந்து, அதே வெப்பநிலைக்கும் அதே மின்னோட்டத்துக்கும் உரிய புதியதை இடல் வேண்டும். ஈயம் பற்றவைத்தால் அச்சூட்டிலேயே புதிய உருகியும் உருகிவிடுமாதலின், உலோகக் குழலால் நசுக்கி இணைத்து, வெப்பந்தாங்கும் கண்ணாடியிழை உறையை இடுக. கம்பியாற் குறுக்கிணைத்தல் எந்நிலையிலும் கூடாது. திருத்தக் கொடுத்த குக்கரைத் திரும்பப் பெறும்போது, ‘வெப்ப உருகி இருக்கின்றதா, காட்டுக’ எனக் கேட்டல் வாடிக்கையாளரின் உரிமை.

கனடாவிலிருந்து வரும் குக்கர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்குள்ள வீட்டு மின்னழுத்தம் 120 உவோற்று. அதற்கென அமைந்த 1,000 உவாற்றுக் குக்கரை இங்குள்ள 230 உவோற்றில் நேரே செருகினால், வலு அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்ந்து ஏறக்குறைய 3,670 உவாற்று ஆகும். பலகை எரியும், அல்லது உருகி அறும். பின்னர் ‘உணரி பழுது’ என்று கூறுவதிற் பயனில்லை. அடியில் ஒட்டிய சீட்டில் 120 எனக் கண்டால், குக்கரின் வலுவிலும் கூடிய வலுவுள்ள அழுத்தமிறக்கும் மாற்றியைப் பயன்படுத்துக. பெற்றோருக்குப் பொருள் அனுப்பும் பிள்ளைகள் 230 உவோற்றுக்குரியதை இங்கேயே வாங்கிக் கொடுப்பித்தல் அதனினும் சிறந்தது. பழுதுற்றால் உதிரிப்பாகமும் இங்கேயே கிடைக்கும்.

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் கூறினர். குக்கரின் முகத்தில் தோன்றும் குறி, விசாரணையின் தொடக்கமேயன்றி முடிவன்று. துடைத்தல், நீரிற் சோதித்தல், குளிரில் அளத்தல், சூட்டில் அளத்தல், பின்னரே மாற்றுதல் என்னும் இவ்வொழுங்கைக் கைக்கொள்வோர் வீண்செலவைத் தவிர்ப்பர். வெப்ப உருகியை மாத்திரம் அதன் இடத்தில் விட்டுவைப்போர், தம் வீட்டையும் அதிலுள்ள முதியோரையும் காப்பர்.